காரணத்தைப் புரியவைத்தவர்களுக்கு நன்றி

முத்துப்பேட்டைக்கு வடக்கே, கோரையாற்றங்கரையில் இருக்கிற எங்கள் குடும்பத்துக்கு இந்த மூன்று வருஷமும் தோள் கொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

மகளுக்கு இப்போது 7 வயது. மூத்திரப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கு எதிர்த்து ஏறிக்கொண்டிருந்த நீர் நின்றுவிட்டது என்று போன வாரம் டாக்டர் சொன்னார். அன்று ராத்திரியே எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இன்றைக்குத்தான் முடிந்தது.

எட்டு மாதத்தில் மூன்று தடவை காய்ச்சல் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு கிளினிக்கில் ஊசி, மருந்து, "வைரல்" என்ற ஒரு வார்த்தை. நான்கு நாளில் விட்டுவிடும், பிறகு மறுபடி வரும். மூன்றாவது தடவை எங்கள் ஊர் நர்சம்மா வீட்டு வாசலிலேயே பிள்ளையைப் பார்த்தார். "சளி இல்ல, இருமல் இல்ல, தொண்டையும் நல்லா இருக்கு. வெறுங்காய்ச்சல் இப்படித் திரும்பத் திரும்ப வந்தா ஒண்ணுக்கு டெஸ்ட் பண்ணாம விடாதீங்கம்மா" என்றார். மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும், கழுவிவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி, பாட்டிலையும் அவரே வாங்கி வந்து கொடுத்தார். ஒண்ணுக்கில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற கல்ச்சர் டெஸ்டில் கிருமி வந்தது. அந்த ஒரு பாட்டில் இல்லையென்றால் இன்னும் எத்தனை காய்ச்சலை வைரல் என்று விட்டிருப்போமோ.

தஞ்சாவூரில் எங்களைப் பார்த்த குழந்தைகள் சிறுநீரக டாக்டருக்கு அடுத்த நன்றி. வைத்தியத்துக்கு மட்டும் அல்ல. என் மாமனாருக்குப் புரிகிற வரைக்கும் அவர் உட்கார்ந்து விளக்கினாரே, அதற்கு. மாமா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். கடல் ஏற்றத்தில் உப்புத் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறாமல் ரெகுலேட்டர் ஷட்டரை இறக்கி ஏற்றியே வயதானவர். நீர் பின்னால் ஏறுகிறது என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, அங்க ஷட்டர் கிடையாதா?"

டாக்டர் சீட்டைத் திருப்பிப் படம் போட்டார். "தனியா ஷட்டர் கிடையாதுங்க ஐயா. சிறுநீரகத்துலேர்ந்து வர்ற குழாய், பையோட சுவருக்குள்ள சாய்வா கொஞ்ச தூரம் ஓடித்தான் உள்ள திறக்கும். பை நிறைய நிறைய அந்தச் சுவரே குழாயை அமுக்கி மூடிடும். குழாயோட அகலத்தைப் போல ஐந்து மடங்கு தூரமாவது உள்ள ஓடணும். உங்க பேத்திக்கு இடது பக்கம் அந்த ஓட்டம் குட்டை. பிறவியிலேயே அப்படி."

மாமா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப கரை அகலம் பத்தல" என்றார். "அதேதான் ஐயா, வளர வளர அகலமாகும்" என்றார் டாக்டர்.

"பிறவியிலேயே அப்படி" என்ற அந்த வாக்கியத்துக்காக நான் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன். ஏனென்றால் அதுவரை சொந்தத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கிரகணத்தில் வெளியே வந்தாயா, சூட்டுப் பண்டம் சாப்பிட்டாயா என்று கேட்டுக் கேட்டு, நானே நம்பிவிட்டேன். கருவில் குழாய் அமைகிறபோதே வருகிற குறை இது, அம்மா சாப்பிட்டதாலோ செய்ததாலோ வந்ததல்ல என்று டாக்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

வேறு காரணம் இருக்குமோ என்றும் அவர் விடாமல் பார்த்தார். பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து இடுப்புக்குக் கீழே முதுகுத்தண்டில் குழியோ முடிக்கற்றையோ இருக்கிறதா என்று விரலால் தடவினார். தண்டுவட நரம்பில் குறை இருந்தால் பை சரியாகக் காலியாகாமல் அழுத்தம் கூடி நீர் மேலே போகுமாம். சிலருக்கு ஒரே சிறுநீரகத்திலிருந்து இரண்டு குழாய் வரும். ஆண் குழந்தை என்றால் மூத்திரம் வெளியேறும் வழியில் பிறவியிலேயே ஒரு சவ்வு அடைத்திருக்கலாம், அதைத் தாமதிக்காமல் கவனிக்க வேண்டும் என்றார். எங்களுக்கு இவை எதுவும் இல்லை. ஆனால் இரண்டு விஷயம் சேர்ந்திருந்தன: மலச்சிக்கல், ஒண்ணுக்கை அடக்குவது. குடலில் மலம் தேங்கினால் அது பையை நெருக்கும், முழுதாகக் காலியாக விடாது. தேங்குகிற நீரில் கிருமி வளரும், அடக்கும்போது அழுத்தமும் ஏறும்.

அவள் ஏன் அடக்கினாள் என்பது எனக்கு அன்று ராத்திரிதான் தெரிந்தது. முதலில் படித்த பள்ளியில் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. காலையில் போனவள் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துதான் ஓடுவாள். பெற்றவள் நான் கேட்டதே இல்லை. இப்போதைய பள்ளியின் டீச்சர் மேல் எனக்கு இருக்கிற மரியாதைக்கு அளவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இவளை மட்டும் எழுப்பினால் கூச்சப்படுவாள் என்று வகுப்புப் பெண்பிள்ளைகள் எல்லோரையும் அனுப்பினார்.

சாயம் ஏற்றிப் படம் எடுத்த அன்று உடனிருந்த எக்ஸ்ரே அக்காவுக்கும் நன்றி. சின்ன டியூப் வழியாகப் பையைச் சாயத்தால் நிரப்பி, பிள்ளை மேசையிலேயே ஒண்ணுக்குப் போகும்போது படம் எடுக்க வேண்டும். அவளுக்கு வரவேயில்லை. அந்த அக்கா குழாயைத் திறந்து தண்ணீர்ச் சத்தம் கேட்கவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்பு எடுத்த ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, இந்தப் படம்தான் காட்டியது. நீர் எதிர்த்து ஏறுகிற கடுமையை அளக்கும் 5 நிலைகளில் 3 என்றார்கள்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எங்கள் வயலில் நடவை முடித்துக்கொடுத்த எதிர்வீட்டு அக்கா, காசு பிறகு தாருங்கள் என்ற ஆட்டோத் தம்பி, கடன் கொடுத்த மகளிர் குழு, கிருமி மறுபடி வராமல் இருக்கத் தினமும் கொடுத்த ராத்திரி மருந்தை ஒரு நாளும் மறக்காமல் நினைவுபடுத்திய மாமா, உங்கள் எல்லோருக்கும். கூடப்பிறந்தவர்களிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இது இருக்கும் என்பதால் தம்பிக்கும் ஸ்கேன் எடுத்தோம். இதுவரை அவனுக்கு ஒன்றும் இல்லை.

இடது சிறுநீரகத்தில் பழைய காய்ச்சல்கள் விட்ட சின்னத் தழும்பு அப்படியே இருக்கும். வருஷா வருஷம் பிரஷர் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி மருந்து நின்றுவிட்டது.

நர்சம்மா மாற்றலாகிப் போய்விட்டார், எந்த ஊர் என்று கேட்டு வைக்காமல் விட்டுவிட்டேன். அவரைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் சொல்லுங்கள்: கோரையாற்றங்கரைப் பிள்ளைக்கு இந்தத் தடவை சாயம் மேலே ஏறவில்லை.