ஆவாரம்பூ டீயில் ஆவாரம்பூ எங்கே?

ஐயா, வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கடையில் போன வாரம் 'ஆவாரம்பூ டீ' டப்பா ஒன்று வாங்கினேன். 25 பை, பைக்கு 2 கிராம், ஆக மொத்தமே 50 கிராம்தான். இப்போது மளிகைக் கடையில்கூட செம்பருத்தி, துளசி, முருங்கை என்று ஒரு அடுக்கே இருக்கிறது, டீயைக் குறைக்க நினைப்பவர்கள் நம்பி வாங்குகிறோம். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால், முதலில் கிரீன் டீ, அப்புறம் எலுமிச்சைப் புல், கடைசியில்தான் ஆவாரம்பூ! எடை அதிகமான பொருளை முதலில் போட வேண்டும் என்பது விதி என்பதால், பூ எவ்வளவு இருக்கும் என்று புரிந்துவிட்டது. ஒரு பையைக் கத்தரித்துத் தட்டில் கொட்டினேன், மஞ்சளாக நாலைந்து துணுக்குகள்.

ராத்திரி தூக்கம் வராத என் அம்மாவுக்காக வாங்கியது அது. தேயிலை கலந்தால் தூக்கத்தைக் கெடுக்கும் காஃபினும் கூடவே வருமே, அதை யார் சொல்வது? திருப்பாதிரிப்புலியூர் நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த பூவாகவே கிடைக்கிறது, இனி எங்கள் வீட்டில் அதுதான்.

தேயிலை கலந்திருந்தால் டப்பாவின் முன்பக்கமே பெரிய எழுத்தில், தமிழில் போடச் சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, கடலூர்