இருட்டுன்னு நாய்ப்பீயை அப்படியே விட்டுட்டு வராதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி உங்க பத்திரிகையில ஒரு வாசகர், ரோட்டோரம் பூரா நாய்ப்பீயா கெடக்கு, நாய் வளக்கறவங்க எல்லாருக்கும் அபராதம் போடணும்னு கோவமா எழுதியிருந்தாரு. அவரு கோவம் நியாயம்தான். நான் நாய் வளக்கறவ, அதுவும் ராத்திரி எட்டரைக்கு மேல நாயக் கூட்டிக்கிட்டு நடக்கறவ. அந்தப் பக்கத்துல இருந்து நானும் எழுதணும்னு உக்காந்தேன், முதல்ல ஒண்ணச் சொல்லிடறேன், மூணு வருஷம் நானும் இருட்டுல அப்படியே விட்டுட்டு வந்தவதான், அதுக்கு எங்க தெருக்காரங்ககிட்ட இந்தக் கடிதத்துலயே மன்னிப்பு கேட்டுக்கறேன்.

நாங்க தென்னாப்பிரிக்காவுல, டர்பன் சாட்ஸ்வொர்த்துல குரோஃப்ட்டீன் பக்கம் இருக்கோம். ஒட்டு வீடு, சின்ன யார்டு, மேட்டுத்தெருவுக்கும் பள்ளத்தெருவுக்கும் நடுவுல சிமெண்டு படிக்கட்டுச் சந்து, அதுக்கு ரெண்டு பக்கமும் புல்லு. டைகருக்கு இப்ப ஆறு வயசு, என் வீட்டுக்காரர் குட்டியா தூக்கிட்டு வந்தது, அவரு போனதுக்கப்புறம் நான்தான் அதுக்கு எல்லாம். ஏன் ராத்திரி நடக்கறேன்னு கேப்பாங்க. டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் டர்பன் வெக்கை தெரியாதவங்க யாரு, மத்தியானம் தார் ரோட்டுல நம்ம உள்ளங்கைய அஞ்சு நொடி வெச்சுப் பாருங்க, நாய் எப்படி நடக்கும். சாயங்காலம் வேலை விட்டு வர்ற கார், டாக்ஸி, ஒவ்வொரு கேட்டுக்குப் பின்னாடியும் கொரைக்கற நாய். எனக்கு சுகர் வேற இருக்கு, தினம் நடக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ராத்திரிதான் கொஞ்சம் காத்து வரும், ரோடும் காலியா இருக்கும்.

அப்ப ஏன் அள்ளாம வந்தேன்? சோம்பேறித்தனம்னு ஒரே வார்த்தையில முடிச்சிடலாம், ஆனா அது முழு உண்மை இல்ல, முழு உண்மையச் சொன்னாத்தான் மத்தவங்களும் மாறுவாங்கன்னு நெனைக்கறேன். ஒண்ணு, கண்ணு தெரியாது. 2023ல லோட் ஷெடிங், அதான் முறை வெச்சு கரண்ட் நிறுத்தறது, ஸ்டேஜ் ஆறு வரைக்கும் போச்சே, அந்த நாள்ல தெருவே கும்மிருட்டு, இப்ப கரண்ட் இருந்தாலும் எங்க தெருவுல பாதி கம்பத்துல லைட் எரியாது. நாய் அங்க எங்கயோ புல்லுல குந்தும், நான் கிட்ட போறதுக்குள்ள அது நகந்துரும், எங்க போட்டுச்சுன்னு தேடவே முடியாது. இன்னொண்ணு பயம். இத யாரும் எழுத மாட்டாங்க, ஆனா நம்ம ஊர்ல ராத்திரி ஒம்பது மணிக்கு ரோட்டுக்கு முதுகக் காட்டிக் குனிஞ்சு, ஒரு கையில டார்ச்சு ஒரு கையில பேக்கெட்டுன்னு நிக்கறதுக்கு பொம்பளைக்கு மட்டும் இல்ல, ஆம்பளைக்கே நெஞ்சு திக்குதிக்குன்னு இருக்கும். அதனால நாயை இழுத்துக்கிட்டு வேகமா வீட்டுக்கு வந்துருவோம். யாரு பாத்தா, விடிஞ்சா வெயில்ல காஞ்சிரும், மழை வந்தா போயிரும். இப்படித்தான் மூணு வருஷம் ஓடுச்சு.

என்னை மாத்தினது ஒரு காலை நேரம். முனிசிபாலிட்டில இருந்து புல்லு வெட்ட ஆளுங்க வந்திருந்தாங்க, தோள்ல மாட்டி வெட்டற மெஷின், நாங்க வீட்-ஈட்டர்னு சொல்றது, அதுல சுத்தற நைலான் கயிறு கீழ எது இருந்தாலும் அடிச்சு மேல தெறிக்க வெச்சிரும். எங்க கேட்டுக்கு எதிர்ல வெட்டிட்டிருந்த ஒருத்தர் திடீர்னு மெஷின நிறுத்திட்டாரு. முகத்துக்கு போட்டிருந்த கண்ணாடி, கன்னம், சட்டைக் காலரு எல்லாம் நாய்ப்பீ. ஐம்பது வயசுக்கு மேல இருக்கும் அவருக்கு. நான் பக்கெட்டுல தண்ணியும் சோப்பும் எடுத்துட்டு ஓடுனேன், அவரு மொகத்த கழுவிக்கிட்டே, கோவமே இல்லாம, "தினமும் இப்படித்தான் மா"ன்னு சொன்னாரு. அந்த எடத்துல முந்தின ராத்திரி டைகர் குந்தினது எனக்குத் தெரியும். அது இதுவேதானான்னு சத்தியமா சொல்ல முடியாது, ஆனா எனக்குத் தெரியும்.

நான் பொறந்தது மேகசின் பேரக்ஸ்ல. சோம்ட்சியூ ரோட்டுல டர்பன் கார்ப்பரேஷன் இந்திய வேலையாளுங்களுக்குக் கட்டின லைன் வீடுங்க அது, பெரும்பாலும் தமிழ், தெலுங்கு குடும்பங்க. 1960கள்ல, எந்த இனம் எங்க குடியிருக்கணும்னு வெள்ளைக்கார அரசாங்கம் பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்துல எங்கள எல்லாம் அங்க இருந்து கெளப்பி சாட்ஸ்வொர்த்துல கொண்டாந்து விட்டாங்க. எங்கப்பா கார்ப்பரேஷன்ல தெரு கூட்டறவரு. விடியறதுக்கு முன்னாடி போயிருவாரு, வெள்ளைக்காரங்க வீட்டு வாசல்ல அவங்க நாய் பண்ணதயும் சேத்துக் கூட்டுவாரு, வீட்டுக்கு வந்ததும் பின்னாடி கொழாயில மூணு தடவ சோப்பு போட்டுக் கைய கழுவிட்டுத்தான் எங்களத் தொடுவாரு. நாங்க ஓடிப்போயி காலக் கட்டிக்குவோம், இருங்க இருங்கன்னு விலகி நிப்பாரு. அந்த மனுஷன் பெத்த பொண்ணு நான், இன்னொரு வேலைக்காரர் மூஞ்சில போய் இத அடிக்க விட்டிருக்கேன். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல.

அடுத்தது தைப்பூசம். உங்களுக்குச் சொல்லணுமா, காவடி எடுக்கறவங்க, பால்குடம் எடுக்கறவங்க, ரதம் இழுக்கறவங்க எல்லாரும் வெறுங்காலுதான். தார் சுடக்கூடாதுன்னு வீட்டுக்கு வீடு ஹோஸ் பைப் இழுத்து ரோட்ட நனைச்சு விடுவோம், அது எங்க தெருக்காரங்களுக்குப் பெருமை. ஆனா பத்து நாள் விரதம் இருந்து, மஞ்ச உடுத்தி, முருகான்னு வர்ற புள்ளைங்க அந்தப் புல்லு ஓரமா ஒதுங்கும்போது எதுல கால வெக்குதுங்க? போன வருஷம் காலையில அஞ்சு மணிக்கே நாங்க நாலு பொம்பளைங்க வாளியும் மொறமும் எடுத்துட்டு தெரு முழுக்கப் பொறுக்கினோம், ரெண்டு பெரிய பை நெறஞ்சுது. எல்லாம் தெருநாய் போட்டதுன்னு ஒருத்தர் சொன்னாரு. தெருநாயும் உண்டு, ஆனா படிக்கட்டுச் சந்து வழியா ராத்திரி சங்கிலில கட்டி நடத்திட்டுப் போற நாய்ங்க எத்தனைன்னு எனக்குத் தெரியும், நானே எதிர்ல பாத்து குட் நைட் சொல்றவங்கதானே.

எங்க தெருவுல ஒரு பெரியவரு, நல்ல மனுஷன், "அந்தக் காலத்துல சாணி போட்டு வாச மொழுகலையா, இதுவும் மண்ணுக்கு உரம்தானே"ன்னு கேட்டாரு. இல்லீங்க. மாடு புல்லு திங்குது, நாய் கறி திங்குது, ரெண்டும் ஒண்ணு இல்ல. நாய் வயித்துல இருக்கற வட்டப்புழுவோட முட்ட மண்ணுல வருஷக்கணக்கா சாகாது, புள்ளைங்க மண்ணுல வெளையாடி கைய வாயில வெச்சா உள்ள போயிரும், சில நேரம் கண்ணுக்கே போயி பார்வைய கெடுக்கும். கொக்கிப்புழுவோட குஞ்சு ஈரமான மண்ணுல, மணல்ல காத்துக்கிட்டு இருந்து வெறுங்கால் தோல்லயே நொழஞ்சிரும், செவப்பா கோடு கோடா நெளிஞ்சு போகும், அரிப்பு தாங்காது. நம்ம ஊர்ல சாண்ட்வேர்ம்னு சொல்லிட்டுப் பீச்சுல வந்துச்சு பீச்சுல வந்துச்சுங்கறோமே, அது இதுதான். நாய்ங்களுக்கு வர்ற பார்வோ நோய்க் கிருமியும் அப்படித்தான், மாசக்கணக்கா மண்ணுல கெடக்கும், ஊசி போடாத குட்டி மோந்து பாத்தா போச்சு. இதெல்லாம் டைகருக்கு பூச்சி மாத்திரை வாங்கப் போனப்ப வெட், அதான் நாய் டாக்டர், சொன்னது. அவங்க இன்னொண்ணும் சொன்னாங்க, அதுதான் என் மனசுல நின்னுச்சு: வட்டப்புழு முட்ட புதுசா விழுந்த பீயில இருந்து ஒட்டாது, மண்ணுல கெடந்து பக்குவமாக ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும். அப்படின்னா அன்னிக்கே அள்ளிட்டா அந்தக் கத அங்கயே முடிஞ்சுது, விட்டுட்டு வந்தாத்தான் அது வெஷமாகுது.

மழை அடிச்சிட்டுப் போயிரும்னு சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை. அடிச்சிட்டு எங்க போகுது? டர்பன்ல மழைத்தண்ணி கால்வா வேற, கக்கூஸ் பைப் வேற. ரோட்டோர ஓட்டையில எறங்கற தண்ணிய யாரும் சுத்தம் பண்றதில்ல, எங்க பக்கத்துத் தண்ணி உம்லட்டுசானா ஆத்துல போயி ஹார்பர்ல விழுது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கப்புறம் பீச்ச மாசக்கணக்கா மூடி வெச்சாங்களே, அதுக்குக் காரணம் ஒடஞ்சு போன கழிவுநீர் பைப்பும் பம்ப்பும்தான், நாய் இல்ல, அத நான் மறைக்கல. ஆனா கார்ப்பரேஷன மட்டும் திட்டிட்டு நம்ம பங்க நாமளே ஓட்டையில தள்ளி விடக்கூடாது.

இப்ப இருட்டுல எப்படி அள்றதுன்னு சொல்றேன், தட்டித் தடவி நானே கத்துக்கிட்டது. மொதல்ல இழுத்தா நீளற கயிறு கட்டறத நிறுத்திட்டேன். அஞ்சு மீட்டரு தள்ளி இருட்டுல நாய் என்ன பண்ணுதுன்னு யாருக்குத் தெரியும், சாதா சங்கிலி, ஒண்ணரை மீட்டரு, அவ்வளவுதான். நாய் சுத்திச் சுத்தி மோந்து முதுக வளைக்குது பாருங்க, அப்பவே அந்த எடத்துல கண்ண வெச்சிரணும், போன்ல பாத்தீங்கன்னா தொலைஞ்சுது. அது முடிச்சு நகர்றதுக்குள்ள அந்த எடத்துக்குப் பக்கத்துல உங்க காலக் கொண்டு போயி நிறுத்துங்க, அப்புறம் தேட வேண்டாம். டார்ச்ச மேல இருந்து நேரா அடிச்சா புல்லும் பீயும் ஒரே நெறமாத் தெரியும், தரைக்குக் கிட்ட தாழ்த்திப் பக்கவாட்டுல அடிச்சா அதோட நிழல் நீளமா விழும், ஒடனே தெரிஞ்சிரும். நெத்தியில கட்டற லைட் இருந்தா இன்னும் நல்லது, ரெண்டு கையும் சும்மா இருக்கும். பேக்கெட்டுக்குக் காசு செலவு பண்ண வேண்டாம், ரொட்டி வர்ற பேக்கெட் நீளமா இருக்கு, ஓட்டை இருக்கான்னு லைட்ல பாத்துட்டு கையில உறை மாதிரி மாட்டி அள்ளி, உள்பக்கத்த வெளிய திருப்பி முடிச்சுப் போட்டாச்சு. வீட்டுக்கு வந்து கருப்புப் பையில போடுங்க, குப்பை வண்டி எடுத்துக்கும். ஆரஞ்சுப் பையில போடாதீங்க, அது பேப்பரும் பிளாஸ்டிக்கும் போடறது, அத கையால பிரிக்கறவங்களும் மனுஷங்கதான். கறிவேப்பிலைக்கும் கீரைப் பாத்திக்கும் பொதைக்கவும் வேண்டாம். சில பேரு பேக்கெட்டுல கட்டி மரத்துக் கெளையில மாட்டிட்டுப் போறாங்க, ஏன்னு எனக்குப் புரியவே இல்ல, அள்ளாம விட்டதவிட அது மோசம், பிளாஸ்டிக்கும் சேந்து அங்கயே தொங்குது.

அந்தப் பயத்துக்கு நாங்க கண்டுபிடிச்ச வழி கூட்டமாப் போறதுதான். நானும் பக்கத்து வீட்டு அக்காவும் அவங்க மகனும் ஒண்ணா நடக்கறோம். ஒருத்தர் குனிஞ்சா மத்த ரெண்டு பேரு ரோட்டப் பாத்து நிப்போம், பத்து நொடி வேலை. இன்னொரு உபாயம், சாப்பாடு போட்டு அரை மணி நேரம் கழிச்சு நாய நம்ம யார்டுலயே விட்டுப் பாருங்க, பாதி நாள் அங்கயே முடிச்சிரும், லைட் போட்டு நிம்மதியா அள்ளிட்டு அப்புறம் நடக்கப் போகலாம். டைகர் இப்ப பத்து நாள்ல ஏழு நாள் அப்படித்தான்.

அபராதம் கேட்ட அந்த வாசகருக்கு நான் சொல்றது, அபராதம் போடட்டும், நான் எதிர்க்கல. ஆனா ராத்திரி ஒம்பது மணிக்கு எங்க சந்துல வந்து யாரு புடிக்கப் போறா? அந்த நேரத்துல நாங்கதான் இருக்கோம், நாங்கதான் ஒருத்தர ஒருத்தர் பாக்கணும். இப்பல்லாம் எதிர்ல வர்றவங்க கையில பேக்கெட் இல்லன்னா நான் ஒண்ணு எடுத்து நீட்டறேன், ஒண்ணும் பேசறதில்ல, இதுவரைக்கும் ஒருத்தரும் வேண்டாம்னு சொன்னதில்ல.

இந்தக் கடிதத்த தைப்பூசத்துக்கு முன்னாடியே போட்டீங்கன்னா புண்ணியமாப் போகும். அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு படிக்கட்டுச் சந்துல நாங்க சுத்தம் பண்ண ஆரம்பிப்போம், மொறமும் கையுறையும் இருக்கு, நாய் வளக்கறவங்க வளக்காதவங்க யாரு வேணா வரலாம். மத்த நாளைக்கு எங்க கேட்டுல ரெண்டு லிட்டர் பாட்டில வெட்டிக் கட்டி ரொட்டி பேக்கெட் சொருகி வெச்சிருக்கேன், போறப்ப எடுத்துக்கங்க. தீந்து போச்சுன்னா கேட்டத் தட்டுங்க, உள்ள இன்னும் வெச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குரோஃப்ட்டீன், சாட்ஸ்வொர்த், டர்பன்