கோபல்ல கிராமமும் அப்பத்தாவின் யானையும்

யாங்கோன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும், உறவினர் வழியாக நீ கொடுத்தனுப்பிய ‘கோபல்ல கிராமம்’ நாவலும் வந்து சேர்ந்தன. என்னிடமிருந்த பழைய படி செல்லரித்துப் போனதை நீ மறக்கவில்லை. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கும் அனைவரும் நலம்.

கி. ராஜநாராயணனின் இந்த நாவல் 1976இல் வெளிவந்தது. கரிசல் மண்ணில் குடியேறிய தெலுங்கு மக்களின் கதை என்றுதான் முன்பெல்லாம் நான் சொல்லி வந்தேன். இம்முறை வாசித்தபோது, சென்னாதேவி என்னும் ஒரு பெண்ணை அரசனுக்குக் கொடுக்க மனமில்லாமல், வீட்டையும் நிலத்தையும் அப்படியே போட்டுவிட்டுச் சுற்றத்தார் எல்லோரும் சேர்ந்து புறப்படுகிறார்களே, அந்த இடத்தைத் தாண்ட எனக்கு வெகுநேரம் ஆயிற்று. நமக்கு அப்படி வாய்க்கவில்லை. 1964இல் இங்கே பர்மாவில் கடைகள் அரசுடைமையாகி, 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போனபோது, உன் வீட்டார் கப்பலேறினார்கள். ஒருமுறை நடந்தது போதும், இனி எங்கும் வரமாட்டேன் என்று அப்பத்தா சொல்லிவிட்டதால் நாங்கள் தங்கிவிட்டோம். அவரை விட்டுப் போவதைப் பற்றி அப்பா ஒரு நாளும் பேசியதில்லை. அப்பாவின் அந்த மௌனத்தின் எடை எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நாவலில், 137 வயதான மங்கத்தாயாரு அம்மாள் தாங்கள் வந்த வழியைக் கோட்டையார் வீட்டார் எனப்படும் தன் குடும்பத்தாருக்குச் சொல்கிறார். பின்னால் துரத்தி வருகிறார்கள், முன்னால் ஆறு. அப்போது கரையில் நின்ற மரம் வளைந்து கொடுத்து அவர்களை அக்கரை சேர்க்கிறது. இந்தப் பகுதியை என் பேத்திக்குத் தமிழில் படித்துக் காட்டி, புரியாத இடங்களைப் பர்மியத்தில் விளக்கினேன். மரம் உண்மையாகவே வளைந்ததா என்று கேட்டாள். வளைந்தது என்றேன்.

சொன்ன பிறகு எனக்கு அப்பத்தாவின் யானை நினைவுக்கு வந்தது. 1941 டிசம்பரில் இங்கே ரங்கூனில் ஜப்பானியரின் குண்டு விழுந்த பின், புரோம் வரை சென்று, அங்கிருந்து தவுங்குப் கணவாய் வழியாக அரக்கான் கரைக்கு நடந்த கதையை அவர் சொல்லும்போதெல்லாம், மலைப்பாதையில் எதிரே வந்த ஒற்றை யானை, அவர் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றதாகச் சொல்வார். அந்தக் குழந்தைதான் அப்பா. “யானையாவது பூனையாவது” என்று ஒவ்வொரு முறையும் குறுக்கே பேசுவார் அப்பா. நானும் அவரோடு சேர்ந்து சிரிப்பேன். நாளடைவில் அப்பத்தா அந்தக் கதையைச் சொல்வதையே நிறுத்திவிட்டார். மங்கத்தாயாரு அம்மாளைச் சுற்றி அமர்ந்து கேட்கும் கோட்டையார் வீட்டாரைப் படித்தபோது, எங்கள் வீட்டில் நாங்கள் அறுத்தது எது என்று புரிந்து மனம் வலித்தது.

நம் பழைய வீட்டுத் திண்ணையில், எங்களைப் போலச் சிரிக்காமல், அப்பத்தாவின் மடியருகே உட்கார்ந்து முழுக்கதையும் கேட்டவன் நீ ஒருவன்தான். யானை ஒதுங்கிய பிறகு என்ன நடந்தது, அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டபோது மூங்கில் குடிசையில் அவர்களுக்குக் கஞ்சி கொடுத்தவர் யார் என்பதெல்லாம் எனக்கு நினைவில்லை. கண் ஆறிய பின், உனக்கு நினைவிருப்பதை அப்பத்தா சொன்னது போலவே எழுதி அனுப்பு. யானையை விட்டுவிடாதே. பேத்தி காத்திருக்கிறாள்.

உன் அன்பு நண்பன்