டிரோன் படத்தில் விழாத பிள்ளைகள்: பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பா,

வணக்கம். போன வாரம் கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், 2020 ஏப்ரலில் திருப்பூர் போலீஸ் டிரோன் விட்டு எடுத்த அந்த வீடியோவைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினீர்கள். ஊரடங்கில் கூடிக் கேரம் ஆடியவர்கள், தலைக்கு மேல் டிரோன் வந்ததும் சிதறி ஓடும் காட்சி. “இந்த வயதுப் பையன்கள் எதற்கும் அடங்க மாட்டார்கள். இன்னொரு தொற்று வந்தால் முதலில் இவர்களைத்தான் கட்டிப்போட வேண்டும்” என்றீர்கள். சுற்றி இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். அதனால்தான் இதை உங்கள் ஒருவருக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அந்தப் படத்தை இன்னொரு தடவை பாருங்கள். உயரத்திலிருந்து எடுத்தது. ஓடுகிறவனுக்குப் பதினாறு வயதா இருபத்தாறா என்று யாராலும் சொல்ல முடியாது. பழி மட்டும் பள்ளிக்கூடப் பையன்கள் மீது விழுந்துவிட்டது. வீதியில் நின்றவன் கேமராவில் விழுந்தான். வீட்டுக்குள் இருந்தவனை எந்த டிரோன் படம் பிடித்தது? நான் பாடம் எடுக்கும் வகுப்பில் மிகப் பெரும்பாலான பிள்ளைகள் அப்படி வீட்டுக்குள் இருந்தவர்கள்தான் பெரியப்பா.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஜூன் 1 என்றார்கள், பிறகு ஜூன் 15 என்றார்கள், ஜூன் 9 அன்று தேர்வே கிடையாது என்று அறிவித்தார்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மறுபடி கதவு திறந்தது 2021 ஜனவரி 19-ஆம் தேதி. நடுவில் பத்து மாதம். டீக்கடைப் பெஞ்சும் நடைப்பயிற்சித் துணையும் இல்லாமல் பெரியவர்களே தவித்த காலம் அது. பதினைந்து வயதில் நண்பர்கள் இல்லாத பத்து மாதம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் பலர் லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள். பாடப்புத்தகம் கொடுக்க ஒரு மாணவனைத் தேடி அப்படி ஒரு லைனுக்குப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரே அறை. வேலை நின்றுபோன அப்பா, அம்மா, தங்கை, படுத்த படுக்கையாகப் பாட்டி. அவன் வாசலில் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, கவிழ்த்த வாளியின் மேல் போனைச் சாய்த்து வைத்துக் கல்வித் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். முகக்கவசத்தை மூக்குவரை ஏற்றிப் போட்டிருந்தான். லைனுக்கெல்லாம் பொதுவான குழாய் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான். யாராவது குடத்தோடு வந்தால் போனை எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாய்ப் போய் நிற்பான். அவர்கள் போன பிறகு திரும்ப வந்து உட்காருவான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. “பாட்டிக்கு மூச்சு இழுப்பு மிஸ்” என்றான், அவ்வளவுதான். அந்த வாசலை மேலிருந்து படம் எடுத்திருந்தால், ஊரடங்கில் வெளியே சுற்றும் பையன் என்றுதான் தெரிந்திருக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி மண்டபத்தில் யாரும் பேசவே இல்லை. அவர்கள் வெளியே வரவில்லை, அதனால் யார் நினைவிலும் இல்லை. வீட்டில் ஒரு போன் இருந்தால் அது முதலில் அண்ணன் கைக்குப் போனது. பள்ளி திறந்தபோது சிலர் வரவில்லை. விசாரித்தால் பனியன் கம்பெனியில் கைமடிக்கு, அதாவது தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் உதவி வேலைக்கு, போயிருந்தார்கள். ஒருத்திக்கு நிச்சயமே முடிந்திருந்தது. சொன்னதையெல்லாம் கேட்டவர்கள் இழந்தது இது.

மீறியவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. நாலு பேர் சேர்ந்தால் இந்த வயதில் துணிச்சல் கூடும் என்பது ஆய்வில் கண்ட விஷயம். 2005-இல் அமெரிக்காவில் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் வெவ்வேறு வயதினரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை ஆடவைத்துப் பார்த்தார்கள். நண்பர்கள் உடனிருந்தபோது பதின்வயதினர் கூடுதலாக ஆபத்தை ஏற்றார்கள்; பெரியவர்களிடம் அந்த அளவுக்கு மாற்றம் இல்லை. அதே நாட்டில் 2020-இல், தொற்றின் தொடக்க நாட்களில், பதின்வயதினரிடம் ஏன் விலகி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அதிகம் பேர் சொன்ன காரணங்கள், சமூகத்துக்கு நாம் செய்ய வேண்டிய கடமை என்பதும், நம்மால் இன்னொருவர் நோயில் விழக் கூடாது என்பதும்தான். துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தவன் சொன்னதும் இதைத்தானே?

எங்கள் பிள்ளைகளின் பொறுமை எப்போது உடைந்தது என்று எனக்குத் தெரியும். 2021 மார்ச் 22 முதல் ஒன்பது முதல் பதினொன்றாம் வகுப்பு வரை மறுபடி மூடினார்கள். பிப்ரவரி 8 அன்றுதான் ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் திறந்திருந்தார்கள். சட்டமன்றத் தேர்தலுக்கு ஏப்ரல் 6-இல் வாக்குப்பதிவு. ஒரு பக்கம் பெஞ்சுக்கு இடைவெளி விட்டு உட்கார்ந்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினோம், இன்னொரு பக்கம் தோளோடு தோள் உரசப் பிரசாரக் கூட்டங்கள் நடந்தன. “அங்கே பரவாதா மிஸ்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அறிவியல் ஆசிரியை நான், எந்த அறிவியலை வைத்துப் பதில் சொல்வேன்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. தெருவில் கிரிக்கெட் மட்டையோடு இறங்கிய பையன்களை அதன் பிறகு அதட்ட எனக்கு வாய் வரவில்லை.

அப்படியும் 2022 ஜனவரி 3 அன்று பதினைந்து முதல் பதினெட்டு வயதினருக்குத் தடுப்பூசி தொடங்கியதும் எங்கள் பிள்ளைகள் ஆதார் அட்டையோடு வந்து வரிசையில் நின்றார்கள். ஊசி வேண்டாம் என்று தடுத்த பெற்றோரிடம் வாதாடிக் கையெழுத்து வாங்கி வந்தவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள்.

பெரியப்பா, முன்னாள் மாணவர் என்ற முறையில் உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறீர்கள். உங்கள் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு. அடுத்த கூட்டத்தில் ஒரு விஷயத்தை எடுத்துப் பேசுங்கள். இன்னொரு முறை பள்ளியை மூட வேண்டி வந்தால் மைதானத்தையும் சேர்த்துப் பூட்ட வேண்டாம். முறை வைத்து, சின்னச் சின்னக் குழுவாக, திறந்த வெளியில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்க வழி செய்யுங்கள். போன் இல்லாத வீடுகளின் பட்டியலை, முதலில் பெண் பிள்ளைகள் இருக்கும் வீடுகளை, இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். என்ன கட்டுப்பாடு, எத்தனை நாள், யாருக்காக என்று முடிவு செய்யும்போது ஒன்பதாம், பத்தாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். நீங்கள் கேட்டால் தலைமையாசிரியர் மறுக்க மாட்டார்.

பெரியம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்