மேஜர் சரவணன் நினைவு நாளில் உடன் நின்றவர்களுக்கு நன்றி

திருச்சி மக்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் வணக்கம்.

கார்கில் போரில், 1999 மே 29 அன்று, படாலிக் பகுதியில் தம் 26 வயதில் வீரமரணம் எய்திய மேஜர் மாரியப்பன் சரவணன் அவர்களின் நினைவு நாளைச் சிறப்புற நடத்தித் தந்த உங்கள் அனைவருக்கும் ஏற்பாட்டாளர்கள் சார்பில் நெஞ்சார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

முதல் நன்றி, முந்தைய நாள் மாலையே வந்து நினைவிடத்தைக் கழுவித் துடைத்த மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்களுக்கு. கத்திரி வெயிலின் கடுமை தணியாத காலையில் அணி கலையாமல் நின்ற என்.சி.சி. மாணவ மாணவியருக்கும், அவர்களை அனுப்பிவைத்த பெற்றோருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

கார்கிலில் பணியாற்றிய முன்னாள் படைவீரர் ஒருவர் அன்று பேசியதைத் தனியே குறிப்பிட வேண்டும். பீகார் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனைச் சேர்ந்த மேஜர் சரவணன், 14,000 அடிக்கும் மேலான உயரத்தில் இருந்த பகைவரின் பதுங்குகுழிகளை நோக்கித் தம் வீரர்களை நடத்திச் சென்றதையும், காயமுற்ற பின்னும் பின்வாங்க மறுத்துப் போரிட்டதையும் அவர் விளக்கினார். வீழ்ந்தவரின் உடலை மீட்க ஏன் ஒரு மாதத்துக்கும் மேலானது என்று ஒரு மாணவி கேட்டபோது, உச்சியில் பகைவர் அமர்ந்திருக்க, மறைந்துகொள்ள ஒரு செடிகூட இல்லாத வெற்றுச் சரிவில் பகலில் தலைதூக்கினாலே குண்டு பாயும் நிலையை அவர் பொறுமையாக எடுத்துரைத்தார். அந்த நிலையிலும் தங்கள் அதிகாரியை மலையில் விட்டுவிடாமல், போராடி மீட்டு, அவரை நம் மண்ணுக்கு அனுப்பிவைத்த பட்டாலியன் வீரர்களுக்கு இந்த ஊர் எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும். அதே தாக்குதலில் உயிர்நீத்த நாயக் கணேஷ் பிரசாத் யாதவ் அவர்களுக்கும் மாணவர்கள் மலர் தூவியது எங்களுக்கு மிகுந்த நிறைவளித்தது. அவ்விருவருக்குமே மறைவுக்குப் பின் வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது.

மலர்களுக்கு விலை வாங்க மறுத்த பூ வியாபாரிகளுக்கும், போக்குவரத்தைச் சீர்செய்த காவலர்களுக்கும் நன்றி. வீரர் குடும்பங்களிலிருந்து வந்திருந்த தாய்மார்களே, உங்கள் வருகையை நாங்கள் பெரும்பேறாகக் கருதுகிறோம்.

செலவு போக எஞ்சிய நன்கொடை முழுவதையும் கொடிநாள் நிதியில் சேர்க்குமாறு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் செலுத்தியுள்ளோம். ரசீதைப் பார்க்க விரும்பும் நன்கொடையாளர்கள் எங்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

நன்றியுடன்,
நினைவு நாள் ஏற்பாட்டாளர்கள்,
திருச்சி