மாயக்குல வீரனின் வலிமை வாளில் இல்லை, வாக்கில் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் இளைஞர் பக்கத்தில், பாத்திரமேற்று ஆடும் கற்பனை விளையாட்டுகளைப் பற்றி அண்மையில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு வாசித்தேன். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் அந்தக் கதையை முன்கொண்டு செல்லும் இந்த ஆட்டத்துக்குத் தமிழ்ப் பத்திரிகை ஒன்று இடம் ஒதுக்கியது பாராட்டத்தக்கது. திருகோணமலை உப்புவெளியில் வார இறுதிகளில் மாணவர்களோடு இதைத் தமிழிலேயே நடத்தி வருபவன் என்ற வகையில், கட்டுரையோடு மாதிரியாகத் தரப்பட்டிருந்த எதிரிப் பாத்திரம் பற்றிச் சில கருத்துகளைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

விளையாட்டு நூல்கள் 'ஃபே' என்று குறிக்கும் மாயக்குலத்தைச் சேர்ந்த கொடிய குதிரைவீரன் ஒருவனே அந்த எதிரி. கறுப்புக் கவசம், எரியும் வாள், ஏராளமான உயிர்ப்புள்ளிகள் (அடிபடும்போது குறைந்து, தீர்ந்ததும் பாத்திரம் வீழும் எண்), கண்ட இடத்தில் வெட்டும் சுபாவம் என்று அவன் விவரிக்கப்பட்டிருந்தான். இவ்வளவும் ஓர் அரக்கனுக்கும் பொருந்தும், கொள்ளைக்கூட்டத் தலைவனுக்கும் பொருந்தும். மாயக்குல வீரனை மற்ற எதிரிகளிடமிருந்து பிரித்துக் காட்டுவது அவனுடைய வாக்கு. இக்கால விளையாட்டுகளில் நிலைத்துவிட்ட வழக்கப்படி அவன் பொய் சொல்வதில்லை, கொடுத்த வாக்கை மீறுவதுமில்லை. ஆனால் அந்த வாக்கின் சொற்களுக்கு உள்ளேயே நின்று எதிரில் இருப்பவரை அழித்துவிடுகிறான். பணிவாகப் பேசி, விருந்து படைத்து, கேட்டதைக் கொடுத்து ஒருவரைக் கெடுப்பவனிடம் இருக்கும் பயங்கரம் வாளை உருவிக்கொண்டு பாய்பவனிடம் ஒருபோதும் இருக்காது. கட்டுரை இதைத் தொடவேயில்லை.

இந்தப் பாத்திரத்தின் வேர் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து நாட்டார் கதைப்பாடல்களில் இருக்கிறது. பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் என்ற அமெரிக்க அறிஞர் 1882 தொடக்கம் 1898 வரை வெளியிட்ட தொகுப்பில் அத்தகைய 305 பாடல்கள் உள்ளன. அதன் இரண்டாம் பாடலில், மலைமீது நின்று கொம்பு ஊதும் மாயவீரன், தன்னை விரும்பிய பெண்ணிடம் கத்தரியால் வெட்டாமலும் ஊசி நூலால் தைக்காமலும் ஒரு சட்டை செய்து தரும்படி கேட்கிறான். அவளோ கடலோரத்தில் ஓர் ஏக்கர் நிலத்தைக் கொம்பினால் உழுது விதைத்துக் காட்டு என்று அவனைவிடக் கடினமான வேலைகளைத் திருப்பிக் கொடுக்கிறாள். நான்காம் பாடலில் வருபவன் உண்மையான கொலைகாரன்: அரசகுமாரிகள் ஏழு பேரைக் கொன்ற இடத்துக்கே எட்டாவது பெண்ணையும் அழைத்து வருகிறான். அவள் அவனைத் தன் மடியில் உறங்கவைத்து, அவனுடைய வாள்வாரினாலேயே கட்டி, அவனுடைய குத்துவாளினாலேயே கொல்கிறாள். முப்பத்தொன்பதாம் பாடலில் வரும் வீரன் பிறப்பால் மனிதன். மாயக்குல அரசியால் பிடிக்கப்பட்டவன். அந்தக் குலத்தார் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை நரகத்துக்குச் செலுத்தும் திறைக்குத் தானே பலியாகிவிடுவேனோ என்று நடுங்குபவன். பாம்பாகவும் விலங்காகவும் பழுக்கக் காய்ந்த இரும்பாகவும் அவன் உருமாறும்போதெல்லாம் பிடியை விடாமல் அணைத்திருக்கும் காதலி அவனை மீட்கிறாள்.

இந்த மூன்று பாடல்களிலும் எவரும் நேருக்கு நேர் வாட்போர் செய்து வெல்லவில்லை என்பதைத் தங்கள் வாசகர்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒருத்தி விடையால் வென்றாள், ஒருத்தி தந்திரத்தால் வென்றாள், ஒருத்தி உறுதியால் வென்றாள். அத்தகைய எதிரியை நூற்றைம்பது உயிர்ப்புள்ளிகளாகச் சுருக்கி, அது தீரும்வரை பகடை உருட்டுங்கள் என்று மாணவர்களிடம் கொடுப்பது அவனையும் வீணாக்குகிறது, மாணவர்களின் அறிவையும் வீணாக்குகிறது.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் 1974இல் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்திலிருந்துதான் இன்றைய விளையாட்டுகள் பெரும்பாலும் கிளைத்தன. அதன் ஐந்தாம் பதிப்பு விதிகளைக் கொண்டே இவனைச் சரியாக உருவாக்கலாம். முழு உலோகக் கவசத்துக்குரிய 18 என்ற காப்பு எண்ணை, அதாவது அவனைத் தாக்குபவரின் பகடைக் கணக்கு எட்ட வேண்டிய எண்ணை, அவனுக்குக் கொடுங்கள். மாயக்குலத்தார் இரும்புக்கு அஞ்சுபவர்கள் என்பதால், இரும்பு அல்லாத எந்த ஆயுதமும் பாதிச் சேதமே விளைவிக்கும் என்று வையுங்கள். முக்கியமானது அடுத்துச் சொல்வது. அவன் அளிக்கும் ஒவ்வொரு வாக்கையும் நடத்துபவர் ஒரு தாளில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி மேசைமீது வைக்க வேண்டும். "இன்றிரவு உங்களில் எவர்மீதும் என் வாள் படாது" என்று அவன் சொன்னால், அந்தச் சொற்கள் அப்படியே எழுதப்பட வேண்டும். எங்கள் ஆட்டத்தில் ஒரு மாணவி உடனே, "வாள் என்றுதானே சொன்னார், அவருடைய நாய்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே" என்று கேட்டாள். அன்று மேசையில் நிலவிய அமைதியை எந்தப் பெரிய சண்டைக் காட்சியும் தந்ததில்லை. எழுதிய வாக்கில் உள்ள ஓட்டையைக் கண்டு அதற்கேற்பச் செயற்படும் ஆட்டக்காரருக்கு இருபது முகப் பகடையை இரண்டு தடவை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளும் உரிமையைக் கொடுக்கலாம். அவனிடம் பரிசு வாங்கியவருக்குக் கடன் ஒன்று ஏறட்டும். அதை எப்போது, எப்படித் திருப்பிக் கேட்பது என்பதை அவன் தீர்மானிக்கட்டும். அவனே வாக்குத் தவறும் நிலைக்குத் தள்ளப்பட்டால் கவசமும் காப்பும் அந்தக் கணமே கழன்று விழட்டும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது விளங்காது என்று எவரும் தயங்க வேண்டியதில்லை. பகலிலும் இரவிலும், உள்ளும் புறமும், மனிதராலும் விலங்காலும் சாகாத வரம் பெற்ற இரணியன், அந்திப்பொழுதில் வாசற்படியில் நரசிங்கத்தின் கையில் மடிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். மானிடரை ஒரு பொருட்டாக எண்ணாது வரத்தில் சேர்க்காமல் விட்ட இராவணனின் பெயரைத் தாங்கிய பாறைப்பிளவான இராவணன் வெட்டு, கோணேசர் கோயிலருகே நிற்கிறது. இரும்பும் நமக்குப் புதிதன்று. மாயக்குலத்தார் குழந்தையைத் தூக்கிப் போகாமலிருக்கத் தொட்டிலுக்கு மேலே கத்தரிக்கோலைத் தொங்கவிட்ட ஸ்கொட்லாந்துத் தாய்க்கும், பிள்ளைப்பேற்று வீட்டில் தலைமாட்டில் இரும்பு வைக்கும் நமது பாட்டிமாருக்கும் இருந்த அச்சம் ஒன்றுதான்.

ஆயினும், அவனை உள்ளூர் முனியாகவோ வைரவராகவோ மாற்றி ஆடலாம் என்ற கட்டுரையின் யோசனையை நான் ஏற்கவில்லை. அவை மக்கள் பொங்கலிட்டு நேர்த்தி வைக்கும் தெய்வங்கள். வில்லனாக்கிப் பகடையால் அடித்து வீழ்த்துவதற்கு உரியவை அல்ல. எங்கள் மேசையில் முஸ்லிம் மாணவர்களும் இருப்பதால், அவர்களுடைய சமய நம்பிக்கையைச் சேர்ந்த ஜின் என்ற பெயரை அவனுக்கு இடுவதையும் தவிர்த்தோம். அவன் அந்நியனாகவே வரட்டும். வரும் இடம் மட்டும் நம்முடையதாக இருக்கட்டும். கடலும் அல்லாத கரையும் அல்லாத ஈரமணலில் மட்டுமே அவனுக்கு அதிகாரம் என்று வைத்து, நிலாவெளியை ஒத்த ஒரு கடற்கரையில் நாங்கள் ஆடினோம். திருகோணமலையில் கடற்பெருக்குக்கும் வற்றுக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றரைக்கூட எட்டாது என்பதால் அந்த ஈரமணற் பரப்பு மிக ஒடுங்கியது. அதற்குள் ஆட்களை வரவைக்க அவன் எவ்வளவு இனிமையாகப் பேச வேண்டியிருக்கிறது என்பதே கதையின் சுவையாயிற்று. திருகோணமலையின் பிரட்ரிக் கோட்டையில் திரியும் புள்ளிமான்களைப் போன்ற ஒரு மானை அவனுடைய தூதாக அனுப்பியபோது, மாயமான் கதை அறிந்த பிள்ளைகள் அதன் பின்னால் போக மறுத்துவிட்டார்கள்.

கட்டாயம் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. ஆட்களைக் கவர்ந்து செல்வதும், போனவர் பல ஆண்டுகள் திரும்பாமலிருப்பதும், திரும்பினால் காலம் மாறிப்போயிருப்பதும் மாயக்குலக் கதைகளின் நடுநாடி. காணாமல் ஆக்கப்பட்ட தம் உறவுகளுக்காக இன்றும் காத்திருக்கும் குடும்பங்கள் வாழும் மாவட்டம் இது. அத்தகைய வீட்டுப் பிள்ளை ஒன்று மேசையில் அமர்ந்திருக்கக்கூடும். ஆகவே, இந்த எதிரியைக் கொண்டுவருவதற்கு முன்னர் எந்தெந்த விடயங்கள் கதையில் வரக்கூடாது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேட்டுக்கொள்வது நடத்துபவரின் கடமை. நாங்கள் ஆட்கடத்தலை முற்றாக நீக்கி, அவன் மக்களின் பெயர்களைக் கடனுக்கு ஈடாக வாங்குபவன் என்று மாற்றினோம். அவனுடைய கொடுமை அதனால் சிறிதும் குறையவில்லை. இந்த எச்சரிக்கையை எழுதாமல் இப்பாத்திரத்தை மாணவர்களின் கையில் கொடுப்பது பொறுப்பான செயலாகாது.

ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டுவிட்டன. மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் அவற்றைக் கொண்டு சொந்தப் பாத்திரங்களை ஆக்கித் தமிழில் அச்சிடலாம். எனவே அடுத்துவரும் இளைஞர் பக்கம் ஒன்றில் இந்த வீரனைத் திருத்தி வெளியிடுமாறும், அவனுடைய வாக்குகளையும் மேற்சொன்ன எச்சரிக்கையையும் முதலிலும், வாளுக்குரிய எண்களை அவற்றுக்குப் பின்னரும் தருமாறும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உப்புவெளி வாசகர்,
திருகோணமலை.