நிறத்தை மட்டும் நம்பி ஒரு பொருளைச் செய்யலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் வணிகப் பக்கத்தில், பொருள்களின் வடிவமைப்பில் நிறம் பெறும் இடம் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். எந்த நிறம் பசியைத் தூண்டும், எந்த நிறம் விலையுயர்ந்த தோற்றத்தைத் தரும், அடுக்கில் இருக்கும் எந்தப் பெட்டியை வாடிக்கையாளர் முதலில் கையில் எடுப்பார் என்றெல்லாம் கட்டுரையாளர் சுவைபட எழுதியிருந்தார். வியாபாரம் அறியாத நான் அவற்றை மறுக்க வரவில்லை. ஆனால், கடையில் சில விநாடிகள் கண்ணைக் கவரும் அந்தப் பொருள் அதன்பின் ஒரு வீட்டில் பல ஆண்டுகள் இருந்து உழைக்கப்போகிறது என்பதையும், அங்கே நிறத்தின் வேலை கவர்வதன்று, அறிவிப்பதே என்பதையும் கட்டுரை தொடவே இல்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டும் மிதவைகளுக்கு வர்ணம் பூசுவதும் அவற்றின் விளக்குகளைப் பார்ப்பதுமாக என் உழைக்கும் வயது முழுவதையும் கழித்தவன் என்பதால், அந்த மறுபக்கத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும் கப்பலுக்கு இடப்பக்கத்தில் சிவப்பு மிதவையும் வலப்பக்கத்தில் பச்சை மிதவையும் இருக்க வேண்டும் என்பது நம் நாடு பின்பற்றும் முறை. அமெரிக்கக் கண்டங்கள், யப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களில் இது அப்படியே தலைகீழ். 1970களின் நடுப்பகுதி வரை உலகில் முப்பதுக்கும் மேற்பட்ட மிதவை முறைகள் வழக்கில் இருந்தன. 1971இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள டோவர் நீரிணையில் மூழ்கிய கப்பல் ஒன்றின் மேல் அடுத்த நாளே இன்னொரு கப்பலும், சில வாரங்களில் மூன்றாவது கப்பலும் மோதிய பிறகுதான், இனியும் பொறுக்க முடியாது என்று நாடுகள் கூடிப் பேசின. அப்போதும் உலகத்துக்கு ஒரே முறை என்று அவர்களால் ஒத்துப்போக முடியவில்லை. 1980இல் இரண்டு வலயங்களாகப் பிரித்ததோடு நிறுத்திக்கொண்டார்கள். சிவப்புக்கு இது பொருள், பச்சைக்கு இது பொருள் என்று இயற்கையே எழுதிவைத்திருப்பதாகத் தங்கள் கட்டுரையாளர் கருதுவது போலத் தெரிகிறது. மணிலாவுக்குள் நுழையும் மாலுமி அதை ஏற்கமாட்டார்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சிவப்பு மிதவை உருளை வடிவில் தட்டையான தலையோடும், பச்சை மிதவை கூம்பு வடிவிலும் இருக்கும். இரவில் விளக்கின் நிறத்தோடு, அது எத்தனை விநாடிக்கு ஒரு தடவை மின்னுகிறது என்ற கணக்கும் கடல் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கும். நிறம் தெரியாமற் போனாலும் கப்பல் வழிதவறக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. நிறம் தெரியாமற் போவது அரிதான காரியமும் அன்று. உப்புக்காற்றும் வெயிலும் செய்வதை விட்டுவிட்டாலும், நாங்கள் பூசிய வர்ணத்தின் மேல் நீர்க்காகங்கள் தங்கள் வெள்ளையைப் பூசிவிடும். மாதக்கணக்கில் கவனியாது விட்டால், அருகில் போனாலொழிய அது சிவப்பா பச்சையா என்று சொல்ல முடியாது. உருளையா கூம்பா என்பதை மட்டும் தூரத்திலிருந்தே சொல்லலாம்.

வீட்டுப் பாவனைப் பொருள்களைச் செய்பவர்களுக்கு இந்தச் சிறு புத்தி ஏன் வரவில்லை என்பதே என் கேள்வி. என் பேரனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாது. இது நோயன்று, பிறவியிலேயே அமைவது. தாய்வழியாக வரும் எக்ஸ் நிறமூர்த்தத்தோடு (குரோமோசோம்) தொடர்புடையது என்பதால் பெண்களைவிட ஆண்களிடமே மிகுதியாகக் காணப்படும். வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் ஏறத்தாழப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு இது உண்டு. ஆசிய நாட்டவரிடையே அவ்வளவு இல்லை என்றாலும், ஒரு பெரிய பாடசாலையில் வகுப்பு வகுப்பாகப் பார்த்தால் சிலர் இருக்கவே செய்வார்கள். பேரனுடைய கைவிளக்கில் ஒரே ஒரு சிறு விளக்கு இருக்கிறது. மின்னேறும்போது சிவப்பு, ஏறி முடிந்ததும் பச்சை. அவனுக்கு அது எப்போதும் ஒரே விளக்குத்தான். எங்கள் வீட்டு றைஸ் குக்கரில் அந்தத் தொல்லை இல்லை. அதில் இரண்டு விளக்குகள் வெவ்வேறு இடங்களில் உள்ளன, பக்கத்தில் எழுத்தும் உண்டு, வெந்து முடிந்ததும் ஆளி 'டக்' என்று மேலே எழும்பும். இரண்டாவது விளக்கு ஒன்றைப் பொருத்தச் மிகச் சிறு தொகைதான் கூடுதலாகச் செலவாகும். கப்பலைச் செலுத்த வருபவருக்கு, 1917இல் இஷிஹாரா என்ற யப்பானிய மருத்துவர் ஆக்கிய புள்ளிப்படங்களைக் காட்டிக் கண்ணைச் சோதிக்கிறார்கள். கைவிளக்கு வாங்க வருபவரை யாரும் சோதிப்பதில்லை; ஆகவே பொருளைச் செய்பவர்தான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

மின்கம்பிகளின் கதை இதைவிடப் பாரதூரமானது. நம் பழைய வீடுகளில் பிரித்தானிய முறைப்படி சிவப்பு மின்னோடும் கம்பி, கறுப்பு நடுநிலைக் கம்பி, பச்சை நிலத்தொடுப்பு (மின்கசிவை மண்ணுக்குள் கடத்தும் கம்பி). இன்று வாங்கும் சாதனங்களின் வயரிலோ மண்ணிறம் மின்னோடுவது, நீலம் நடுநிலை, பச்சையும் மஞ்சளும் வரியாக ஓடுவது நிலத்தொடுப்பு. இதில் ஆபத்து எங்கே என்றால், மின்னோடும் கம்பிகள் மூன்று வரும் பழைய மும்முனை இணைப்பில் நீலமும் மின்னோடும் கம்பிகளில் ஒன்று. புதிய முறையில் கறுப்பும் அப்படியே. அதாவது, ஒரு முறையில் தொடலாம் என்று பொருள்பட்ட நிறம் மற்ற முறையில் தொட்டால் ஆளைத் தூக்கி எறியும். உவர்மலைப் பக்கத்தில் பழைய வீடொன்றைத் திருத்த வந்த மின்வேலைக்காரப் பொடியன், ஒரே பெட்டிக்குள் இரண்டு முறைகளும் கலந்து கிடந்ததைக் கண்டு, ஒவ்வொரு கம்பியையும் சோதனைத் திருப்புளியால் தொட்டுப் பார்த்துச் சீட்டு ஒட்டிய பிறகே வேலையைத் தொடங்கினான். அந்தப் பிள்ளையின் நிதானத்தை மெச்சுகிறேன். புதிய முறையில் ஒரு நல்ல அம்சம் இருப்பதையும் சொல்ல வேண்டும்: நிலத்தொடுப்புக் கம்பி வரியோடு இருப்பதால், என் பேரனைப் போன்றவர்களும் நிறத்தைப் பாராமல் வரியைக் கண்டே அதை அறிந்துகொள்ளலாம்.

என் மனைவிக்குப் பல ஆண்டுகளாகத் தொய்வு. மூச்சு முட்டும்போது உடனே ஆறுதல் தரும் இன்ஹேலர் நீல நிறம், நாள்தோறும் காலையும் மாலையும் எடுக்கும் தடுப்பு மருந்து மண்ணிறம் என்பது மருத்துவர்களும் நோயாளிகளும் நெடுங்காலமாகப் பழகிய வழக்கம். எல்லாத் தயாரிப்பாளரும் அதைக் கைக்கொள்வதில்லை என்பதை நாங்கள் ஒரு நள்ளிரவில் கற்றோம். வழக்கமான தடுப்பு மருந்து கிடைக்காமல் ஒரு மருந்தகத்தில் வேறு நிறுவனத்தின் தயாரிப்பைத் தந்திருந்தார்கள். அதன் மூடியும் ஒரு வகை நீலம். மின்சாரம் நின்றிருந்தது. மெழுகுதிரி வெளிச்சத்தில் நீலம் கருகித்தான் தெரியும், ஏனெனில் அந்தச் சுடரில் நீல ஒளி மிகக் குறைவு. அவர் கைக்கு அகப்பட்டதை இரண்டு தடவை அழுத்தி இழுத்தும் மூச்சுத் திணறல் அடங்கவில்லை. நான் பெயரை வாசித்துச் சரியானதை எடுத்துக் கொடுக்கச் சில நிமிடங்கள் ஆகிவிட்டன. அன்று முதல் ஆறுதல் தரும் இன்ஹேலரில் தடித்த ரப்பர் வளையம் ஒன்றைச் சுற்றிவைத்திருக்கிறோம். இருட்டில் விரலே அதைக் கண்டுகொள்ளும். உருளையும் கூம்பும் போன்ற அடையாளம் ஒன்றை நாங்களே உண்டாக்க வேண்டியதாயிற்று.

நிறம் நிலைக்குமா என்பதையும் யாரும் கேட்பதில்லை. டச்சு விரிகுடாக் கரையோரத்து வீடுகளின் முற்றங்களில் கிடக்கும் சிவப்பு வாளிகளைப் பாருங்கள். ஓரிரு வருடத்தில் அவை வெளிறிய ரோசா நிறமாகிவிடும். பிளாஸ்டிக்கில் சேர்க்கும் மலிவான சிவப்புச் சாயங்கள் பல வெயிலின் புறஊதாக் கதிரில் சிதைந்துபோகின்றன. முன்னாளில் கோயில் மதில்களில் காவிக்கல் அரைத்துப் பூசிய சிவப்புப் பட்டைகளோ தலைமுறைகள் கடந்தும் நின்றன, ஏனெனில் காவியின் சிவப்பு இரும்பு ஒட்சைட்டு என்ற கனிமத்தினுடையது, அது வெயிலுக்கு அசையாது. வாளி வெளிறினால் யாருக்கும் நட்டமில்லை. 'நிறுத்து' என்பதற்குச் சிவப்பும் 'இயக்கு' என்பதற்குப் பச்சையுமாக எழுத்தில்லாத இரண்டு பொத்தான்களை மட்டும் வைத்த நீர்ப்பம்பி வெளிறினால் நட்டம் உண்டு.

கடலில் பாவிக்கும் உயிர்காப்பு அங்கியைச் செம்மஞ்சளில் செய்வது நீலத்துக்கு எதிரே அந்த நிறம் பகலில் எடுத்துத் தெரிவதால். ஆனால் அந்தி சாய்ந்தபின் நம் கண் சிவப்புச் சார்ந்த நிறங்களையே முதலில் இழக்கிறது. மாலை மங்கும்போது செம்பருத்திப் பூ கறுத்து, இலை மட்டும் துலங்குவதை எல்லோரும் கண்டிருப்போம். அதனால்தான் கப்பல்களுக்கான அங்கிகளில் ஒளி பட்டால் மின்னும் பட்டியும், ஊதுகுழலும், சிறு விளக்கும் வைக்கிறார்கள். புறாத்தீவுக்குப் படகேறும் உல்லாசப் பயணிகளுக்குத் தரப்படும் அங்கிகளில் இவை எத்தனையில் இருக்கின்றன என்று நிலாவெளிக் கரையில் நின்று எண்ணிப் பார்த்தால் நல்லது.

அரசு ஒரு தடவை சரியாகச் செய்தது. 2016 ஓகஸ்ட் முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவை நிறத்தால் காட்ட வேண்டும் என்று விதித்தார்கள்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. நிறத்தோடு கிராம் கணக்கும் இருப்பதால் எழுத்தறிந்த எவரையும் அது ஏமாற்றாது. ஆனால், போத்தலின் உறை முழுவதுமே சிவப்பாக இருக்கும்போது அதன் மேல் ஒட்டிய சிவப்பு வட்டம் எச்சரிக்கையாகத் தெரியுமா, அலங்காரமாகத் தெரியுமா என்பதைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையினர் ஒரு கடையில் நின்று பார்க்கலாம். வெள்ளைப் பின்னணியில் அந்த வட்டத்தை அச்சிட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தாலே போதும். மருந்துகளிலும் மின்சாதனங்களிலும் நிறத்தோடு எழுத்தோ வடிவமோ கட்டாயம் இருக்க வேண்டும் என்றும் விதிக்கலாம்.

கடைசியாகத் தங்களிடமே ஒரு வேண்டுகோள். தாங்கள் மாவட்டவாரியாக வெளியிடும் மழைவீழ்ச்சி வரைபடத்தில் மிகுந்த மழைக்குப் பச்சையும் குறைந்த மழைக்குச் சிவப்பும் தருகிறீர்கள். என் பேரன் அதைப் பார்த்துவிட்டு, நாடு முழுவதும் ஒரே அளவு மழை பெய்திருக்கிறதே என்றான். ஒரு நிறத்தின் மேல் சாய்கோடுகள் போட்டு அச்சிட முடியுமா?

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.